கட்டைவிரலுக்கு ஏழு மேடு

சுரண்டி எடுத்தது நான்தாண்ணே. வேற யாரும் இல்ல. அப்பச் சித்தப்பா கடையிலயே இல்ல. எவனும் சொல்லிக் கொடுக்கல, எவனும் செய்யச் சொல்லல. பழைய பிளேடு ஒண்ணை எடுத்து, கிடார் கழுத்துக்குப் பின்னாடி இருந்த ஏழு மேட்டையும் நானே சுரண்டினேன். அப்புறம் உப்புத்தாள் போட்டேன். அப்புறம் வார்னிஷ். அப்புறம் வீடியோ.

ஆமா, நீங்க பாத்த அதே வீடியோதான். அதைப் பாத்துட்டுத்தானே மதுரையில இருந்து பஸ் பிடிச்சு தூத்துக்குடி வரைக்கும் உங்க கிடாரைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. "தம்பி, நீ செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சு கொடு"ன்னு கேக்கிறீங்க. அதான் சொல்றேன். உறையை முழுசாப் பிரிக்காதீங்க. பிரிச்சா நான் கை வச்சிருவேன். கை வச்சா நிறுத்த மாட்டேன், என் புத்தி அது. முதல்ல இதைக் கேளுங்க. கேட்டுட்டும் கொடுக்கணும்னு தோணுச்சுன்னா கொடுங்க.

அந்தச் சாம்பல் கலர் கட்டியை அப்படியே மேஜையில வச்சிருங்கண்ணே. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் எடுத்து உருட்டிப் பாக்கிறாங்க. கல்லு இல்ல அது. அப்புறம் சொல்றேன்.

என் பேரு ரிக்சன், என்னைப் பத்தி வேற பெருசா ஒண்ணும் இல்ல. பிளஸ் ஒன்ல பாதியில நின்னுட்டேன். வீட்டுல கஷ்டம், அப்பா குடி, அப்படியெல்லாம் கதை கிடையாது. பிடிக்கல, நின்னுட்டேன். சித்தப்பாவோட சவுண்ட் சர்வீஸ்தான் இது. கல்யாணம், கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம்னு மைக் செட்டு கட்டப் போவோம். வேலை இல்லாத நாள்ல நான் இங்க உக்காந்து ஆம்ப்ளிபயர், மிக்சி, ஃபேன், எது வந்தாலும் பாப்பேன். ஈயம் வைக்கிறதுல என் கை சுத்தம். சித்தப்பாவே சொல்வாரு. வாத்தியாருங்க ஒருத்தரும் சொன்னதில்ல.

ஏப்ரல் மாசம் ரெஜினா மாமி வந்தாங்க. நாலு தெரு தள்ளித்தான் வீடு. அரிசிச் சாக்குல சுத்தி ஒரு கிடாரைக் கொண்டு வந்து இந்த மேஜையில வச்சாங்க. கஸ்பார் மாமாவோட கிடார். மாமா கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேலை பாத்தவரு. அந்தக் காலத்துல ஜப்பான்ல வாங்கினதாம். பத்து வருஷத்துக்கு முன்னாடி சுகர் அவர் கண்ணுல இறங்கிருச்சு. ஒரு கண்ணு முழுசாப் போச்சு, இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியும். இது எனக்குத் தெரியும்ணே. தெருவுக்கே தெரியும். தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்.

மாமி சொன்னாங்க: "லேய் ரிக்சா, மே மாசம் ஷெரினுக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள்ள வரும்போது மாமா இதுல வாசிக்கணும்னு ஆசைப்படுதாவ. எங்க கல்யாணத்துல வாசிச்ச அதே மெட்டு. ரெண்டு வருஷமா இதுல சத்தமே இல்ல, சும்மா கம்பியைத் தட்டிக்கிட்டுத்தான் பழகுதாவ. சத்தம் வந்தாப் போதும்ல. வேற எதையும் தொடாத. மாமா சொல்லி விட்டாவ."

வேற எதையும் தொடாத. நல்லாத்தான் காதுல விழுந்துச்சு. நான் என்ன நெனச்சேன்னா, பில்லு கூடிரும்னு மாமி பயப்படுறாங்க. அவ்வளவுதான் நெனச்சேன். "காசு வேண்டாம் மாமி, சும்மாவே செஞ்சு தாரேன்"னு சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி.

சாக்கை எடுத்துட்டுப் பாத்தா, சிரிப்புதான் வந்துச்சு. கேட்டுக்கு அடிக்கிற நீல பெயிண்டு உடம்பு முழுக்க. தலையில கம்பெனி பேரு இல்ல. சுவிட்சு நாலு, வீட்டுல லைட்டுக்குப் போடுவோமே, அந்த மாதிரி தட்டுற சுவிட்சு. கழுத்துக்குப் பின்னாடி எம்-சீல். பைப்பு ஒழுகினா பிசைஞ்சு அடைப்போம்ல, அதே சாந்துதான். ஏழு இடத்துல, மூக்குச்சளி காய்ஞ்சு ஒட்டின மாதிரி. எவனோ உடைஞ்ச கழுத்தை ஒட்டுறேன்னு அப்பி விட்டிருக்கான்னு நெனச்சேன். மாமாவுக்குத்தான் கண்ணு தெரியாதே, எவனோ ஏமாத்திட்டான், பாவம், அவருக்கே இந்த அசிங்கம் தெரியாதுன்னு பரிதாபப்பட்டேன். நிஜமா பரிதாபப்பட்டேண்ணே.

இது என்ன கிடார்னு கண்டுபிடிக்கணும்னு வெறி வந்துருச்சு. முதல் துப்பு ஸ்க்ரூதான். ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா நம்ம டிரைவர் உள்ள சரியா உக்காராது, வழுக்கி வழுக்கி வெளிய வரும். ஜப்பான் ஸ்க்ரூ அப்படித்தான். அதோட வெட்டு வேற. பழைய ஜப்பான் டேப் ரிக்கார்டர் பிரிச்சவனுக்கு அது தெரியும். அதுக்குன்னு ஒரு டிரைவர் நுனியை அரத்துல ராவி எடுத்தேன். கம்பிக்குக் கீழ காந்தம் வச்ச ரெண்டு பெட்டி இருக்கும்ல, பிக்கப்பு, அது மேல தங்க கலர்ல மெல்லிசாத் தகடு. கழுத்தைப் பிடிச்சிருந்த நாலு ஸ்க்ரூவையும் கழட்டித் தூக்கினேன். கழுத்து உக்கார்ற பள்ளத்துல பென்சில்ல எழுதியிருந்துச்சு: 45.3.

நான் 1945ன்னு நெனச்சேன். சண்டை நடந்த வருஷம், கிடார் எங்க செஞ்சிருக்கப் போறான்னு யோசிக்கல. ஃபோட்டோ எடுத்து, பழைய கிடார் சேக்கிறவங்க ஒரு குரூப்பு இருக்கு, அதுல போட்டேன். ஒருத்தர் சிரிச்சுட்டு எழுதினாரு: அது ஜப்பான் ராஜா கணக்கு தம்பி, நம்ம கல்யாணப் பத்திரிகையில திருவள்ளுவர் ஆண்டுன்னு போடுற மாதிரி. நாப்பத்தஞ்சு கூட இருபத்தஞ்சு கூட்டு. எழுபது. 1970, மார்ச் மாசம்.

அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்குக் கூட அப்படி வந்ததில்ல. படிக்காதவன்னு என்னைச் சொன்ன ஒவ்வொருத்தன் மூஞ்சியும் ஞாபகம் வந்துச்சு. நான் கண்டுபிடிச்சேன். மாமா கண்ணால பாக்க முடியாததை நான் கண்டுபிடிச்சுச் சொல்லப் போறேன்னு இருந்துச்சு.

சத்தம் வராததுக்குக் காரணம் சின்ன விஷயம். உப்புக் காத்துல ஒயர் சொருகுற இடம் துருப் பிடிச்சு, ஒரு ஒயர் விட்டுப் போயிருந்துச்சு. வால்யூம் திருகுலயும் உப்பு. சுத்தம் பண்ணி, புது ஒயர் இழுத்து, ஈயம் வச்சேன். ஒரு மணி நேரம். சத்தம் கும்முன்னு வந்துருச்சு. அப்பவே சாக்குல சுத்திக் கொண்டு போய்க் கொடுத்திருக்கணும். வேலை முடிஞ்சுருச்சுல்ல?

சத்தத்துக்கு ஒரு மணி நேரம். சுரண்டுறதுக்கு மூணு நாள்.

நீல பெயிண்டுக்குக் கீழ சிவப்பும் மஞ்சளுமா, ஓரத்துல கருப்பா இறங்குற பழைய பாலிஷ் இருந்துச்சு. அதை வெளிய கொண்டு வந்தேன். கழுத்துல இருந்த மேட்டை எடுத்தேன். ரொம்ப இறுக்கமா ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் நடுவுல லேசாக் குழி, குழிக்குள்ள கோடு கோடா ரேகை. அதையும் பாத்தேண்ணே. பாத்துட்டு, "விரலாலயே அப்பியிருக்கான் பாரு"ன்னு வீடியோவுல சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்வேனே, "எந்தக் காட்டான் செஞ்ச வேலைன்னு தெரியல மக்களே"ன்னு. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சிருப்பீங்க. பரவாயில்ல, சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன்.

கழுத்து கண்ணாடி ஆயிருச்சு. கையை வச்சா வழுக்கிட்டு ஓடும். அந்த மாதிரி ஒரு வார்னிஷ் வேலை இந்த ஊர்ல யாரும் செய்ய மாட்டான். இப்பவும் சொல்வேன்.

கொண்டு போய்க் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள் இருந்துச்சு. மாமா கட்டில்ல உக்காந்திருந்தாரு. மடியில வச்சேன். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு கொண்டு போயிருந்தேன், அதுல சொருகி விட்டேன். ஒரு தட்டு தட்டினாரு. சத்தம் வந்ததும் அவர் மூஞ்சி இருந்ததைப் பாக்கணும். "ரெஜினா, கேட்டியாட்டீ!"ன்னு கத்தினாரு. மாமி அடுப்படியில இருந்து ஓடி வந்தாங்க.

அப்புறம் வாசிக்கப் போனாரு.

இடது கை கழுத்தைப் பிடிச்சுது. கட்டைவிரல் பின்னாடி மேலயும் கீழயும் போச்சு. கரண்டு போன வீட்டுல சுவரைத் தடவி சுவிட்சு தேடுவோம்ல, அந்த மாதிரி. போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. ஒரு சத்தம் சரியா வந்துச்சு. அடுத்தது தப்பு.

"லேய் ரிக்சா, இது என் கிடார்தானால?"

"உங்கதுதான் மாமா. 1970, மார்ச் மாசம் செஞ்சது. ஜப்பான்." மூச்சு விடாமச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்ல. வாங்கினவன் நான்தானே. கோபேல ஒரு அடகுக் கடை. நாலு வருஷம் பழசுன்னு கடைக்காரன் நாலு விரலைக் காட்டினான், எழுபத்து நாலுல." சொல்லிக்கிட்டே கட்டைவிரல் தேடிக்கிட்டே இருந்துச்சு. "மேடெல்லாம் எங்கல?"

"எந்த மேடு மாமா?"ன்னு கேட்டேன்.

தெரிஞ்சுதாண்ணே கேட்டேன். அவர் கேட்ட அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிருச்சு. விளங்கின பெறகுதான் கேட்டேன்.

மாமி கழுத்துக்குப் பின்னாடி கையை விட்டுத் தடவினாங்க. கையை எடுத்தாங்க. என்னைப் பாத்தாங்க. "ஐயோ, ரிக்சா"ன்னாங்க. அவ்வளவுதான்.

மாமாதான் சொன்னாரு, திட்டாம, ஏதோ மெஷின் வேலை செய்ற விதத்தை விளக்குற மாதிரி. கண்ணு மட்டும் போனா பரவாயில்லையாம், கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிறவன் எத்தனையோ பேரு. ஆனா சுகர்ல விரல் நுனியும் மரத்துப் போச்சு. கம்பி எங்க இருக்கு, கட்டம் எங்க இருக்குன்னு நாலு விரலுக்கும் தெரியாது. கட்டைவிரலுக்கு மட்டும் கொஞ்சம் உணர்ச்சி இருக்கு. அதுக்குத்தான் அந்த ஏழு மேடு, கட்டைவிரல் எந்த மேட்டுல நிக்குதோ அதை வச்சு மத்த விரலை வைப்பாரு. மாமி சாந்தைப் பிசைஞ்சு கொடுப்பாங்க, மாமா சரியான இடத்துல கையை வச்சு, கட்டைவிரலால அழுத்தி, காயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. ஒரு நாளைக்கு ஒரு மேடு. கை எடுக்க முடியாது, மாமிதான் காப்பியை ஊட்டி விடுவாங்களாம்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அது தானா உதிர்ந்துருச்சு மாமா, பழசு இல்லையா"ன்னு சொன்னேன்.

கல்யாணப் பொண்ணு ஷெரின் அக்கா கதவுப் பக்கம் நின்னுட்டு இருந்துச்சு. கையில இருந்த போனை எடுத்து வீடியோவைப் போட்டு விட்டுச்சு. என் குரல் அந்த வீட்டுக்குள்ள கேக்குது: எந்தக் காட்டான் செஞ்ச வேலைன்னு தெரியல மக்களே. பிளேடு சத்தம் கரகரன்னு. முழுசும் ஓடுச்சு. மாமா தலையைச் சாச்சுக் கேட்டாரு.

முடிஞ்சதும், "காட்டான் நான்தாம்ல"ன்னாரு. சிரிச்சாரு. சிரிக்காம ஒரு அறை விட்டிருக்கலாம்.

"அப்பா, வேற யாரையாவது வச்சுச் செஞ்சுக்கலாம். இவன் வேண்டாம்"னு ஷெரின் அக்கா சொல்லுச்சு.

"வேற எவன்ட்டீ? எடுத்தவன் வைக்கட்டும். எவ்வளவு கனத்துல இருந்துச்சுன்னு அவன் கைக்குத்தானே தெரியும்? உங்கம்மாவுக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு." என் பக்கம் திரும்பினாரு. அவர் பாத்த இடத்துல நான் இல்ல, கொஞ்சம் தள்ளி நின்னேன். "ஏழு சாயங்காலம் வால. ஆறு மணிக்கு மேல வா. நான் வாசிக்கேன், கட்டைவிரல் எங்க நிக்குதோ அங்க நீ வை. மேல ஏதோ பூசியிருக்க பாரு, அந்த இடத்துல மட்டும் அதைச் சுரண்டிட்டு வைக்கணும், இல்லன்னா ஒட்டாது. கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"வாரேன் மாமா"ன்னேன்.

மறுநாள் போகல. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு மைக் செட்டு வேலை. அதுக்கு மறுநாள் வேலை இல்ல, அன்னைக்கும் போகல. அசிங்கமா இருந்துச்சு, மூஞ்சியில முழிக்க முடியலன்னு சித்தப்பாகிட்ட சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனா உங்ககிட்ட முழுசாச் சொல்றேன். அந்த வார்னிஷைச் சுரண்ட எனக்கு மனசு வரல. அதான். பிளேடைக் கையில எடுத்து நானே அதுல கோடு போடணும்ல. நாப்பதாயிரம் பேரு பாத்த கழுத்துண்ணே அது.

மாமி ரெண்டு தடவை கடைக்கு வந்தாங்க. ரெண்டாவது தடவை, "ஷெரின் வேற ஆளைக் கூட்டியாரேன்னா. மாமா வேண்டாம்னுட்டாவ. அவன் வாரேன்னிருக்கான், வருவான்னு ஆறு மணிக்கெல்லாம் கிடாரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ"ன்னு சொன்னாங்க. குரலே உயர்த்தல.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எம்-சீல் வாங்கினேன். ஏழு நாள் வேலை ரெண்டு நாள்ல முடியாது, ஒரு ரெண்டு மேடாவது வைக்கலாம்னு. வழியிலயே பிசைஞ்சுக்கிட்டுப் போனேன், போனதும் வச்சிரலாம்னு. அதுல வர்ற ரெண்டு உருண்டையையும் சேத்துப் பிசைஞ்சா அப்புறம் நிக்காதுல்ல, இறுக ஆரம்பிச்சிரும். அவங்க வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள மாமா வாசிக்கிறாரு. ஸ்பீக்கர் இல்லாம, வெறும் கம்பி. ஆரம்பத்துல மூணு சத்தம் சரியா வருது, நாலாவது வழுக்குது. திரும்ப முதல்ல இருந்து. மூணு சரி, நாலாவது தப்பு. திரும்ப. செருப்பைக் கழட்டிட்டேன் நான். கதவைத் தட்டல. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. கையைத் திறந்து பாத்தா, கல்லு.

அதாண்ணே அது. நீங்க உருட்டிட்டு இருந்தீங்களே, அந்தக் கட்டி. என் அஞ்சு விரலும் அதுல இருக்கு பாருங்க.

கல்யாணத்துக்கு மைக் செட்டு எங்களோடதுதான். சித்தப்பா ஆறு மாசத்துக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டது. மேடையில மாமாவுக்கு நாற்காலி போட்டு, கிடாருக்கு ஒயர் இழுத்துச் சொருகினது நான்தான். மாமா புது ஜிப்பா போட்டு உக்காந்திருந்தாரு. மைக்குல பேசுறவரு, "இப்போது மணமகளின் தந்தையே தன் கையால் வாசிக்க"ன்னு நீட்டி முழக்கினாரு. வாசல்ல ஷெரின் அக்காவும் மாப்பிள்ளையும் நிக்கிறாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க.

மூணு சத்தம் வந்துச்சு. கும்முனு, சுத்தமா. நான் வச்ச ஈயம்தான்.

நாலாவது வழுக்குச்சு.

திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. திரும்ப வழுக்குச்சு. அப்புறம் உள்ளங்கையைக் கம்பி மேல வச்சு அமத்திட்டாரு. மைக்கை நோக்கிக் குனிஞ்சு, "பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கா, பாட்டைப் போடுங்கப்பா"ன்னாரு. சிரிச்ச முகமாத்தான் சொன்னாரு. லேப்டாப்புல ஒரு சினிமாப் பாட்டு ரெடியா இருந்துச்சு. நான்தான் போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஷெரின் அக்கா நடந்து வரும்போது மேடையைப் பாக்கல, நேரா என்னைப் பாத்துட்டே வந்துச்சு.

வீடியோவை ஏன் இன்னும் எடுக்கலன்னு கேக்கிறீங்க. எடுக்கலாம். எடுக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் ஆளுங்க வர்றாங்க, உங்களை மாதிரி. இது வரைக்கும் அஞ்சு கிடார் வந்துருச்சு. எடுக்கிறேன்.

உங்க கிடாரோட கழுத்துல கருப்பு நூல் சுத்தியிருக்கே, உறை விலகினப்பவே பாத்துட்டேன். அது யாரு சுத்தினது? உங்க அண்ணனா? எதுக்குச் சுத்தினாருன்னு தெரியுமா? தெரியாதுன்னா கேட்டுட்டு வாங்கண்ணே. இருக்காருல்ல? அப்ப கேட்டுட்டு வாங்க. என்கிட்ட விட்டுட்டுப் போனீங்கன்னா நாளைக்குக் காலையில அந்த நூல் இருக்காது. எனக்கு என்னைத் தெரியும்.

கல்யாணம் முடிஞ்சு ஒயரைச் சுத்திட்டு இருந்தேன். மண்டபம் காலி. மாமி கையைப் பிடிச்சுட்டு மாமா மேடையை விட்டு இறங்கினாரு. நான் மூச்சு விடாம நின்னேன். எப்படித் தெரிஞ்சுதோ, பக்கத்துல வந்ததும் நின்னுட்டாரு.

"ரிக்சனால?"

"ஆமா மாமா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மாமா." சாப்பிடல.

"நாளைக்குச் சாயங்காலம் வால. கல்யாணம் முடிஞ்சுது, இனி அவசரம் ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு ஒண்ணு வச்சாப் போதும். எம்-சீல் நான் வாங்கி வச்சிருக்கேன். நீ வெறுங்கையோட வா."

"வாரேன் மாமா."

அது மே மாசம். இப்ப ஆகஸ்ட்டு. நாலு தெருதாண்ணே.